ஈயப் படங்கு இரண்டு கட்டியவளுக்கு

இன்று காலை எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புதிய ஈய ஏப்ரன்கள் வந்தன. பெட்டியைப் பிரித்ததுமே அறை முழுக்க ஒரு வாசனை. புது ரப்பர் செருப்பையும் புது மழைக்கோட்டையும் ஒரே பையில் போட்டு வைத்தால் வருமே, அந்த வாசனை. பெட்டியைப் பிரித்த சிற்றூழியர் தும்மிக்கொண்டே வெளியே போய்விட்டார். நான் ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தேன். பழையதைவிடக் கனம் குறைவு. உனக்குப் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான், நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது என்பது உறைத்தது. ஏப்ரனைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

உனக்குக் கடிதம் எழுத வேண்டி வரும் என்று நான் எண்ணியதே இல்லை. பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்த எக்ஸ்ரேக்காரிக்கும் நர்ஸுக்கும் கடிதம் எதற்கு? ஒரு சத்தம் கொடுத்தால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நிற்பாய். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. முதலிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறேன். நான் எதைச் சொன்னாலும் நீ குறுக்கே பேசுவாய். இந்த முறை நான்தான் முழுக்கப் பேசப்போகிறேன்.

ஏப்ரனுக்கு நம் ஆஸ்பத்திரியில் படங்கு என்று பெயர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அது லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த, தேயிலை பறிக்கிற ஒரு கொழுந்துக்காரம்மா வைத்த பெயர். மேசையில் படுத்திருந்தவர், ஈயம் வைத்துத் தைத்த அந்தக் கனத்த ஏப்ரனை நீ கழுத்திலிருந்து முழங்கால்வரை மாட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டியதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தேயிலை வாது கிழிக்காமலிருக்க அவரும் தினமும் காலையில் இடுப்பைச் சுற்றிச் சாக்குப் படங்கு கட்டுகிறவர்தானே.

“என்னாங்க மிஸ், படங்கெல்லாம் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க, கொழுந்துக்கா போறீங்க?”

“ஆமாங்கம்மா. ஒங்க நெஞ்சுக்குள்ள ரெண்டு கொழுந்து கிள்ளணும். அதுக்குத்தான்.”

பயத்தில் விறைத்துக் கிடந்த மனுஷி அந்த ஒரு பேச்சில் இளகிப்போனார். சிங்களம் மட்டும் தெரிந்த நம் நெஞ்சு டொக்டர், என்ன சிரிப்பு என்று கேட்டார். நீ சிங்களத்தில் சொன்னாய். அன்றிலிருந்து அவரும் நுரையீரலிலிருந்து சதைத் துண்டு எடுப்பதைக் ‘கொழுந்து’ என்றுதான் சொன்னார். அவருக்குச் சுத்தமாக உச்சரிக்க வந்த தமிழ்ச் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

படங்கு என்று கூப்பிட்டதோடு நீ நிறுத்தவில்லை. வேலை முடிந்ததும் உன் அம்மா தோட்டத்து லயத்து வீட்டில் செய்வதைப்போல அதை அழகாக நாலாய் மடித்து அலுமாரிக்குள் வைத்தாய். ஏப்ரனை மடித்தால் உள்ளே ஈயம் வெடிக்கும், வெடித்த இடம் வழியாக எக்ஸ்ரே உள்ளே வரும், தொங்கத்தான் போடவேண்டும் என்று நான் தொண்டை கிழியக் கத்துவேன்.

“மடிக்காம போட்டா பாக்க நல்லாவா இருக்கு? டவுன்காரிக்கு என்னா தெரியும்” என்பாய்.

டவுன்காரி நான்தான். தலவாக்கலையில் தையல் கடை வைத்திருந்தவரின் மகள். நீ அங்கிருந்து பஸ்ஸில் ஏறி இறங்கி, அதன் பிறகும் ஒரு மலை நடக்கவேண்டிய தோட்டத்துப் பிள்ளை. நமக்குள் சில மாதம்தான் வயது வித்தியாசம். ஆனாலும் சண்டை வரும்போது மட்டும் நீ என்னை அக்கா என்பாய். கிண்டலுக்கு.

நம் சண்டை எல்லாமே தூரத்தைப் பற்றியதுதான். நோயாளியின் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, அதன் நுனியில் இருக்கும் சின்ன இடுக்கியால் டொக்டர் சதை எடுப்பார். இடுக்கி எங்கே நிற்கிறது என்பது எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். அவர் காலால் பெடலை அழுத்துகிற நேரமெல்லாம் எக்ஸ்ரே ஓடும். காலை எடுத்தால் நின்றுவிடும். அறைக்குள் எதுவும் தங்கிக் கிடக்காது. ஆனால் ஓடுகிற நேரத்தில் அது நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும். பக்கத்தில் நிற்பவர்கள்மேல் படுவது அந்தச் சிதறல்தான். நீ நின்ற இடமோ நோயாளியின் தலைமாடு. அதைவிடப் பக்கம் யாரும் போக முடியாது.

ஒரு எட்டுப் பின்னால் வா, ஒரு எட்டு வந்தாலே எவ்வளவோ குறையும் என்று நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து கையாட்டுவேன். தட்டிலிருந்து எதையாவது எடுக்க நீ திரும்பும்போது முதுகு வெறுமையாக இருக்கும். ஏப்ரன் முன்பக்கம் மட்டும்தான். முதுகைக் காட்டாதே என்று அதற்கும் ஒரு கத்தல். நீ என்னைக் கண்ணாடித் தொட்டி மீன் என்பாய். “நீ உள்ளுக்க நின்னு வாய மட்டும் அசைக்கிற. எனக்கு ஒன்னும் வெளங்கல” என்று சிரிப்பாய். எல்லாம் விளங்கும் உனக்கு. விளங்காத மாதிரி நடிப்பாய்.

நீ தலைமாட்டில் நின்றதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லவேண்டும். இடுக்கி நுரையீரலின் ஓரத்தைத் தொட்டால் தோள்பட்டையில் வலிக்கும். வலித்தால் உடனே கையைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் நுரையீரலில் ஓட்டை விழுந்துவிடலாம். தொண்டை மரத்துப்போய், கண்ணை மூடிக் கிடக்கிறவருக்கு இதை யார் அந்த நேரத்தில் அவர் பாஷையில் சொல்வது? டொக்டரின் தமிழ் “வலி இருக்கா? இல்ல?” என்பதோடு முடிந்து, “சரி, சரி” என்பதற்குச் சிங்களத்தில் “ஹரி, ஹரி” வந்துவிடும். நான் படத்தை விட்டு நகர முடியாது. நீதான் குனிந்து, காதோடு, “இன்னுங் கொஞ்சந்தாங்க, மெதுவா மூச்சு விடுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். அவர்கள் உன் கையை இறுக்கிப் பிடித்திருப்பார்கள். கை பிடித்தால்தான் மனுஷருக்குத் தைரியம் என்பது உன் கட்சி. எட்டி நின்றால்தான் உனக்கு ஆயுசு என்பது என் கட்சி.

அப்புறம் ஒருநாள் நீ இரண்டு ஏப்ரன் போட்டுக்கொண்டு வந்தாய்.

நான் முதலில் சிரித்தேன். ஒன்றின் கனமே தோளை இறக்கும். அதன்மேல் இன்னொன்று. “என்னடி, ரெண்டு ஆள் கொழுந்த ஒரே ஆளா எடுக்கப்போறியா?” என்றேன். வழக்கமாக என்றால் பதிலுக்குப் பதில் பேசுவாய். அன்று மட்டும், குளிராக இருக்கிறது என்றாய். மார்கழியில்கூட ஸ்வெட்டர் போடாதவள் நீ. எனக்கு அப்போதே புரிந்திருக்கலாம். நல்ல விஷயம்தானே, இப்போதாவது பயம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் இரண்டு. அதற்கடுத்த நாளும் இரண்டு. ஆனால் நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம், டொக்டர் பெடலை விட்ட ஒரு இடைவெளியில், நீ மேசையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாய். நான் ஓடிவந்து உன்னை வெளியே இழுத்துப் போனேன். இரண்டு ஏப்ரனோடு உன்னைத் தாங்குவது லேசான காரியமா? கழுவும் தொட்டியில் வாந்தி எடுத்தாய். முகத்தைக் கழுவிவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாய். எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. “எத்தனை மா...” என்று வாயைத் திறந்தேன். நீ ஈரக் கையால் என் வாயைப் பொத்தினாய்.

“சொல்லாதடி. வாயால சொல்லாத. மூனு மாசம் முடியல்ல.”

அந்தக் கையில் சவர்க்கார வாசனை இருந்தது.

மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. டவுனிலும் அப்படித்தான். ஆனால் உனக்கு அது வெறும் வழக்கம் இல்லை. ஏற்கெனவே இரண்டு முறை தங்காமல் போயிருந்தது. முதல் தடவை சந்தோஷத்தில் லயம் முழுக்கச் சொன்னாய். இரண்டாம் தடவை வீட்டுக்குள் மட்டும் சொன்னாய். இரண்டும் போனபிறகு உன் மாமியார், வாயை விட்டதால்தான் கண்பட்டது என்று சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் ஆசைதான். இந்த முறை மூன்று மாதம் மூச்சு விடுவதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு வந்துவிட்டாய். புருஷனுக்கு மட்டும் தெரியும்.

“அதுக்காக? எக்ஸ்ரே ரூமுக்குள்ள வந்து நிக்கிறதா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

“அதான் ரெண்டு கட்டிக்கிட்டேனே” என்றாய்.

எனக்குக் கோபத்தில் அழுகை வந்துவிட்டது. படித்த நர்ஸ் நீ. ஏப்ரன், தூரம், நேரம் எல்லாம் பாடமாகத் தெரியும். பிள்ளை உண்டானால் உடனே சொல்லவேண்டும் என்பதும் தெரியும். ஆனால் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி உடனே சொல் என்றது, இன்னொரு பக்கம் உன் வீடு சொல்லாதே என்றது. இரண்டுக்கும் நடுவில் நீ தனியாக நின்று கண்டுபிடித்த வழி இன்னொரு ஏப்ரன். அதை நினைத்தால் இன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வருகிறது.

“இனி நீ உள்ள வரக்கூடாது.”

“ஏன்னு டொக்டர் கேப்பாரே.”

“கேக்கட்டும். நான் பாத்துக்கிறேன்.”

உனக்கு வாக்குக் கொடுத்தபடி அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. டொக்டரிடம் போய், நம் நர்ஸ் இனிக் கொஞ்ச காலம் எக்ஸ்ரே ஓடும்போது மேசைப் பக்கம் வரமாட்டார், காரணம் கேட்கவேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் முகத்தைப் பார்த்தார். “ஹரி” என்றார். அவ்வளவுதான். அவர் வீட்டிலும் அதே வழக்கம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த அறைக்கு ஒரு புது விதியை நானும் அவரும் சேர்ந்து வைத்தோம். யாராவது “இன்னைக்கு நான் வெளியில நிக்கிறேன்” என்று சொன்னால், ஏன் என்று எவரும் கேட்கக்கூடாது. ஆணோ பெண்ணோ, யாராக இருந்தாலும் சரி. அந்த விதி இன்றைக்கும் இருக்கிறது. எழுதி ஒட்டவில்லை, ஆனால் புதிதாக வரும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சிலர் அதைச் சொல்லிவிட்டு வெளியே நிற்கும்போது, நான் சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

விதி வைத்தாயிற்று. நோயாளிகளுக்கு யார் தமிழ் பேசுவது? நீ இல்லாமல் நடந்த முதல் நாள் பெரிய கூத்து. தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரில் வேலை செய்து தூசியை விழுங்கி விழுங்கி நெஞ்சு கெட்டுப்போன ஒரு அண்ணன். குழாய் உள்ளே போனதும் மிரண்டுவிட்டார். டொக்டர் “ஹரி, ஹரி” என்கிறார், இவர் குழாயைக் கையால் பிடித்து இழுக்கிறார். நான் பாதியில் ஓடிப்போய்ச் சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை. விட்டுவிட்டோம். நெஞ்சுக்குள் இருந்த கட்டி என்னவென்று தெரியாமலே அவரை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ கதவுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தாய்.

“எங்காளுங்கடி. நான் பயந்துக்கிட்டு வெளிய நிக்கிறேன், அந்த மனுசன் அநாதையா கெடக்குறாரு.”

பிறகு நீயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஒன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால நின்னா எனக்கு ஒன்னும் படாதுதானே?” என்று கேட்டாய். ஈயக் கண்ணாடி, அறையின் கடைசி மூலை, அதோடு தூரம். படாது என்றேன். பட்டாலும் அளக்கிற அளவுக்கு இருக்காது, பட்ட எக்ஸ்ரேயைக் கணக்குக் காட்டும் அளவுப் பட்டை இன்னொன்றையும் வயிற்றுக்கு நேராக, ஏப்ரனுக்கு உள்ளே மாட்டிவிடுகிறேன், மாதாமாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆனால் அங்கிருந்து காதோடு எப்படிப் பேசுவாய்?

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். “காதோட எதுக்குடி பேசணும்? நாங்க மலைக்கு மலை பேசுறவங்க. கங்காணி அடுத்த மலையில நின்னு கத்துறதக் கேட்டு தேயில நெர மாத்துறவங்க. இந்த ரூம் என்னா பெரிய ரூமு?”

அந்த அண்ணனை மறுபடி கொண்டுவந்த நாளை என்னால் மறக்க முடியாது. காலையிலேயே நீ வார்டுக்குப் போய் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, எப்போது மூச்சைப் பிடிப்பது, எப்போது கையைத் தூக்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தாய். மேசையில் குழாய் உள்ளே போனது. அவர் கை உயர்ந்தது, குழாயைப் பிடிக்கத்தான். என் காதுக்குப் பக்கத்தில் நீ வாயைத் திறந்தாய்.

“அண்ணேஏஏ! நான் இங்கதான் நிக்கிறேன்! கைய எறக்குங்க! மூச்ச மெதுவா இழுங்க!”

என் காது அடைத்துவிட்டது. டொக்டரின் கால் பெடலிலிருந்து எகிறியது. வெளியே வராந்தாவில் யாரோ தட்டைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. அந்த அண்ணனின் கை மட்டும் மெதுவாக இறங்கி மேசைமேல் படிந்தது. மலையில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்கிற காது அது. பக்கத்தில் குனிந்து கிசுகிசுப்பதைவிட, தூரத்திலிருந்து வந்த அந்தச் சத்தம்தான் அவருக்குப் பழகியது. நடுவில் தோள் வலித்தபோது சொன்னபடி இடது கையைத் தூக்கினார். டொக்டர் உடனே இடுக்கியைப் பின்னுக்கு எடுத்தார். வேலை முடிந்தது. கட்டி கெட்டதில்லை என்று பிறகு தெரிந்தது.

நீ கத்தக் கத்த இன்னொன்றும் நடந்தது. தேவையில்லாமல் பெடலை மிதித்துக்கொண்டிருக்கும் பழக்கம் டொக்டருக்குக் குறைந்தது. நீ சத்தம் போடும்போது அவர் காலை எடுத்துக்கொள்வார், கேட்டு முடித்த பிறகு மிதிப்பார். எல்லோருமே ஒரு எட்டுப் பின்னால் நிற்கப் பழகினோம். வருடக்கணக்காக நான் கையாட்டிச் சாதிக்காததை நீ தொண்டையால் சாதித்துவிட்டாய். உன்னைப் பாராட்டவில்லை நான் அப்போது. “காது கேக்காத மாதிரி ஆயிட்டுது, போ” என்றுதான் சொன்னேன்.

பிள்ளை நல்லபடி பிறந்தாள். பெண். கறுத்த தலைமுடி, உன் மூக்கு. கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பார்க்க வந்த அதிகாரி, நீ மேசையோரம் நின்ற அந்த முதல் வாரங்களையும் சேர்த்துத்தான் உன் அளவுப் பட்டைகளைப் பார்த்தார். பிள்ளைக்குக் கெடுதல் வருகிற அளவின் பக்கத்தில்கூட இல்லை என்று சொன்னார். ஒன்றுக்கு இரண்டு ஏப்ரன் போட்டது யார் என்று கேட்டுச் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. உன் மனதில் அந்த முதல் வாரங்கள் தங்கிவிட்டன.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எனக்குப் போன் வரும். பின்கதவுப் பக்கம் நின்று, யாருக்கும் கேட்காமல், கிசுகிசுவென்று. மலைக்கு மலை கத்துகிறவள் நீ, அந்தக் கேள்வியை மட்டும் மூச்சுக்காற்றில் கேட்பாய்.

“அது இல்லையே?”

“இல்லடி.”

நடக்கப் பிந்தினாள், அது இல்லையே? பல் கோணலாக முளைத்தது, அது இல்லையே? மூக்குக்கண்ணாடி போடச் சொல்லிவிட்டார்கள், அது இல்லையே? ஒருநாள் கணக்குப் பாடத்தில் பெயிலாகிவிட்டாள் என்று கேட்டாய். “அது ஒன் புருசன் பக்கத்துல இருந்து வந்தது, எக்ஸ்ரேல இருந்து இல்ல” என்றேன். சிரித்தாய். ஆனாலும் போனை வைப்பதற்கு முன்னால், “நெசமா இல்லையே?” என்று இன்னொரு தடவை கேட்டாய். நான் எத்தனை விதமாய் விளக்கினேன். படம் போட்டுக் காட்டினேன். உனக்குத் தெரியாதது எதையும் நான் சொல்லவில்லை. மற்ற நர்ஸ்மாருக்கு நீயே அதைச் சொல்லிக்கொடுத்தாய். உன் பிள்ளை என்று வந்தால் மட்டும் உனக்கு எதுவும் போதவில்லை. பிள்ளையிடம் இதைச் சொல்லவே கூடாது, பயந்துவிடுவாள் என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய்.

போன வருடம் ஒரு காலையில் தலவாக்கலை பஸ் நிற்கும் இடத்தில், வேலைக்கு வர நின்றவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. நான் கண்டி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

உன் வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் சில பேர் பேசிக்கொண்டார்கள். எக்ஸ்ரேக்குள்ளேயே கிடந்தாளே, அதுதான் உள்ளுக்கே தின்றுவிட்டது என்று. எனக்கு எழுந்து சண்டை போடலாம் போல இருந்தது. உன் புருஷன் என்னை முற்றத்து ஓரமாகக் கூப்பிட்டார். கண் சிவந்து போயிருந்தது.

“நீங்க சொல்லுங்க அக்கா. நீங்க சொன்னா நான் நம்புறேன். அதுனாலயா?”

“இல்லீங்க. ரத்த அழுத்தம் இருந்திச்சு. மாத்திரைய ஒழுங்கா போடாததுக்கு நானே எத்தனயோ தடவ ஏசியிருக்கேன். அது இல்லீங்க.”

அவர் தலையை ஆட்டினார். உன் மகள் கொஞ்சம் தள்ளி, கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை ஏன் அப்படி இருந்தது என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. தாய் போன துக்கம் என்று நினைத்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மழை விட்டிருந்தது. உன் மகள் தனியாக என் வீட்டுக்கு வந்தாள். உயரமாகிவிட்டாள், உன்னைத் தாண்டிவிட்டாள். தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

“பெரியம்மா, ஒன்னு கேக்கணும். ஏசக்கூடாது.”

“கேளு புள்ள.”

“அம்மா ஒங்ககிட்ட போன்ல கேப்பாங்கல்ல, ‘அது இல்லையே, அது இல்லையே’ன்னு. எனக்கு என்னா வந்தாலும் கேப்பாங்க. நான் போனா பேச்ச மாத்திடுவாங்க. செத்த வீட்டுலயும் நீங்க அப்பாகிட்ட ‘அது இல்ல’ன்னு சொன்னீங்க.” கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் அம்மா பெத்த புள்ள இல்லையா, பெரியம்மா? ஆஸ்பத்திரியில இருந்து எடுத்துட்டு வந்தாங்களா?”

இத்தனை வருடமாக அந்தப் பிள்ளை பின்கதவுக்கு உட்பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும், தன் உடம்பில் யாரோ வேறு ஒருவரின் இரத்தம் தெரிகிறதா என்று நீ பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். கேட்டால் உனக்கு வலிக்கும் என்று கேட்காமலே இருந்திருக்கிறாள். உன்னைப்போலவே.

சத்தியத்தை மீறினேன். உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தங்காமல் போன இரண்டையும் சொன்னேன். மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். இரண்டு ஏப்ரனைச் சொன்னேன். என் வாயைப் பொத்திய கையைச் சொன்னேன். அண்ணேஏஏ என்று நீ கத்தியதைக் கத்தியே காட்டினேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. “எக்ஸ்ரே ஒனக்கு ஒன்னும் செய்யல, ஒருநாளும் செய்யாது, ஒங்கம்மாவுக்கு ஒன்னப் பத்தி இருந்த ஒரே பயம் அதுதான்” என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அவ்வளவுதானா?” என்றாள். “எக்ஸ்ரேவா? அவ்வளவுதானா, பெரியம்மா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப நான் அம்மா புள்ளதானே?”

உனக்கு வருடக்கணக்காக இல்லை, இல்லை என்று சொல்லியே பழகிய வாய் இது. “ஆமாடி தங்கம்” என்றேன். “வயித்துல இருக்கையிலயே ஒனக்காக ரெண்டு படங்கு கட்டுனவடி அவ. நீ அவ புள்ளதான்.”

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அவள் முகத்தில் இத்தனை வருடமாக இருந்த ஏதோ ஒன்று இல்லை. இருந்தது என்பதே அது போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த முகம் உனக்குச் சேரவேண்டியது. பார்க்க நீ இல்லாததால், இப்போதைக்கு அதை நான் வைத்திருக்கிறேன்.